சருகணி வழியாக ஓரியூருக்கு

செட்டிநாட்டுக்கு சாமி கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும்தான் வண்டி பிடிப்பார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடி பழனிக்குக் கிளம்பிவிட்டால் இந்தப் பக்கம் முழுக்க வாசலில் வந்து நிற்கும். நாங்களும் நின்று பார்ப்போம். அது முடிந்து கொஞ்ச நாளில் கத்தோலிக்கர்களான எங்களுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிடும். எங்கள் பாதை தெற்கே போகிறது. தேவகோட்டையில் பஸ் ஏறினால் சருகணி, அங்கிருந்து திருவாடானைப் பக்கமாக ஓரியூர். ஒன்று ஒரு பாதிரியாரின் கல்லறை, மற்றொன்று விசுவாசத்துக்காக ஒரு மறைசாட்சி வெட்டுப்பட்ட மண். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல் பிரிக்கப்பட்டதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தவக்காலத்தில் சனம் இந்த இரண்டு ஊரையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வரும்.

இந்த முறை தேவகோட்டைப் பெரியம்மாவோடு போனேன். பெரியம்மா வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவர். ஆச்சி வீட்டுக் கல்யாணங்களுக்கு மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை என்று ஆர்டர் வரும். நான் போனபோது அடுப்படியில் சீடை ஓடிக்கொண்டிருந்தது. அரிசி மாவும் உளுத்தம் மாவும் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, வரிவரியாகப் பிழிந்த பட்டையைத் துண்டு போட்டு, விரல் நுனியில் வளைத்து இரண்டு ஓரத்தையும் ஒட்ட வேண்டும். ஒட்டியது சரியில்லை என்றால் எண்ணெயில் விழுந்ததும் வாயைப் பிளந்துவிடும். பெரியம்மா பேசிக்கொண்டே ஒட்டுவார். ஒன்றுகூடப் பிளக்காது.

அன்றைக்கு எடுத்துப் போக ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. போன விசேஷத்துக்கு வாங்கியதில் பாதிப் பணம் இன்னும் தராத வீடு. பெரியம்மா எலக்ட்ரானிக் தராசில் பொட்டலத்தை வைத்தார். ஆயிரம் கிராம் காட்டியது. வழக்கம்போல் ஒரு கை அள்ளி மேலே போட்டார். கொசுறு. வந்தவரிடம், "பழைய பாக்கிய இந்த வாரம் குடுத்துவிடச் சொல்லு, நானும் தேங்காக் கடைக்குக் குடுக்கணும்ல" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னார்.

ஆள் போனதும் கேட்டேன். "பணமே தரல, அவுகளுக்குமா பெரியம்மா கொசுறு?"

"கடன் கடன்யா, அதக் கேப்பேன். அதுக்காக எடைய ஆளுக்குத் தக்கன மாத்த முடியுமா?"

மத்தேயு நற்செய்தியில் இயேசு "உங்கள் விண்ணகத் தந்தை நிறைவுள்ளவராய் இருப்பதுபோல நீங்களும் நிறைவுள்ளவர்களாய் இருங்கள்" என்கிறார். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது மலைப்பாகத்தான் இருந்தது. கடவுளைப் போல் ஆக நம்மால் முடியுமா? பிற்பாடுதான் அந்த வசனத்துக்கு மேலே இருப்பதையும் சேர்த்துப் படித்தேன். நல்லவர் மேலும் கெட்டவர் மேலும் ஒரே கதிரவனை உதிக்கச் செய்கிறார், நேர்மையானவர் வயலுக்கும் நேர்மையற்றவர் வயலுக்கும் ஒரே மழையைப் பெய்விக்கிறார் என்று வருகிறது. இயேசு சொல்லும் நிறைவு அதுதான். கடவுளின் வல்லமையையோ எல்லாம் அறியும் அறிவையோ நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஆளுக்குத் தக்கபடி மாறாத கையைத்தான் கேட்கிறார். லூக்கா அதே இடத்தில் "இரக்கம் உள்ளவராய்" என்று எழுதுகிறார், இரண்டு வசனம் தள்ளி அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளப்பதைப் பற்றியும் எழுதுகிறார். பெரியம்மா இதையெல்லாம் மேற்கோள் காட்டுகிறவர் இல்லை. பூசைக்கு நேரமாகிறது என்று பெரியப்பாவை விரட்டுகிறவர்.

பெரியப்பா வரவில்லை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு ஈஸ்டர் வரைக்கும் கோழியைத் தொடாமல் இருப்பதே தனக்குப் போதுமான தவம் என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் கூட்டம். பாதித் தூரம் நின்றுகொண்டுதான் போனோம். வெளியே சீமைக்கருவேலம், வற்றிய கண்மாய், நடுவில் பனை.

சருகணி, இயேசு சபைக் குருக்கள் நடத்திய பழைய மதுரை மிஷனின் ஊர். சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் இந்தக் கோயிலுக்கு மானியம் விட்டதை இன்றைக்கும் ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் இப்போது வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் லெவே சாமியைப் பார்க்க வருகிறவர்கள். லூயி லெவே, 1884-இல் பிரான்சில் பிறந்த இயேசு சபைக் குரு. இந்த மறவர் சீமையிலேயே உழைத்து, சருகணியிலேயே 1973 மார்ச் 21 அன்று இறந்தார். புனிதர் பட்டத்துக்கான முதல் படியாக இறை ஊழியர் என்று அழைக்கப்படுகிறார். ஈஸ்டர் முன்னே பின்னே எப்படி நகர்ந்தாலும் மார்ச் 21 எந்த வருடமும் தவக்காலத்துக்குள்தான் விழும். அதனால் அவர் நினைவு நாளும் எங்கள் நோன்பும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

மறைசாட்சிகளின் கதையைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். லெவே சாமியின் கதையில் அப்படி வாளோ அரசனோ கிடையாது. ஒரே சீமையில் பல்லாண்டுகள் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், நோயாளிகளைப் பார்த்தார், செபித்தார். இறந்து இத்தனை வருடம் கழித்தும் அவர் கல்லறை மேல் கையை வைத்துக்கொண்டு சனம் நகர மாட்டேன் என்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா, மகனுடைய ஹால் டிக்கெட்டின் ஜெராக்ஸைக் கல்லறையில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்காகக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? இருந்தாலும், "இவரைப் போல என்னையும் ஆக்கும்" என்று கேட்கிறவர் எத்தனை பேர் இருப்போம் என்று தோன்றாமலும் இல்லை. புனிதர்களை நாம் சிபாரிசுக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறோம்.

பூசையில் எங்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. காணிக்கை நேரத்தில், பாட்டுச் சத்தத்துக்கு அடியில் குருவானவர் ஒன்று செய்வார். பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாது. இரசம் ஊற்றிய கிண்ணத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். விடும்போது உதடு மட்டும் அசையும். நம் மனித இயல்பில் பங்குகொள்ள மனமிசைந்த கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்கு பெற வேண்டும் என்பதுதான் அந்தச் செபத்தின் பொருள். எவ்வளவு பெரிய ஆசை! நான்காம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் புனித அத்தனாசியார் இதைத் துணிந்து எழுதியிருக்கிறார்: நாம் இறைத்தன்மை பெறும்படி கடவுள் மனிதரானார் என்று. ஒவ்வொரு பூசையிலும் இது நடக்கிறது, நாம் அந்த நேரம் பெரும்பாலும் காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டிருப்போம். விட்ட சொட்டு எங்கே போனது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது, இரசம் மட்டும் இரசமாகவே இருக்கிறது.

ஏதேன் தோட்டத்தில் பாம்பும் ஏவாளிடம் இதையேதான் சொன்னது, நீங்கள் கடவுளைப் போல் ஆவீர்கள் என்று. ஆசையில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். தம் சாயலில் படைத்தவரே ஊட்டிய ஆசைதானே. பாம்பு காட்டிய வழி, பறித்துத் தின்பது. பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் காட்டுகிற வழி இதற்கு நேர் எதிர். கடவுள் வடிவில் இருந்தவர் அந்த நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை எடுத்தார். கடவுளைப் போல் ஆக வேண்டுமென்றால் ஏறக் கூடாது, இறங்க வேண்டும் என்றாகிறது. அவரே இறங்கித்தானே வந்தார்.

திருவாடானையில் பஸ் மாறி ஓரியூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அப்படி இறங்கி வந்ததற்கு இந்த மண்ணிலேயே சாட்சி அருளானந்தர். அவருடைய சொந்தப் பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647-இல் லிஸ்பனில் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை. இங்கே வந்ததும் காவி கட்டி, பண்டாரச் சாமியாராக, கறியும் மதுவும் விட்டு, தமிழ் பேசி அலைந்தார். நடுவில் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தபோது, கூட வளர்ந்த இளவரசரே அரசராக இருந்து அங்கேயே தங்கச் சொல்லியும் கேட்காமல் மறுபடி மறவர் நாட்டுக்கே கப்பலேறினார். மறவர் நாட்டுப் பிரபுவான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியதில் அரண்மனைக்கு வந்த கோபம் இவர் தலையில் விழுந்தது. தள்ளிவைக்கப்பட்ட பெண்களில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுமுறை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், நன்மையே குற்றமென்று ஆகும்போது அதற்காகத் துன்புறுவது பெருமைதான் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த விலக்கப்பட்ட பெண்களைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அவர்கள் பக்கத்து வலியையும் யாராவது ஒரு நாள் பீடத்திலிருந்து சொன்னால் அருளானந்தர் வருத்தப்பட மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஓரியூர் மண் சிவப்பு. அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்பது சனத்தின் நம்பிக்கை. சின்னக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொண்டுபோய் நோயாளி நெற்றியில் பூசுவார்கள், குழந்தை இல்லாதவர்கள் வீட்டில் வைத்துச் செபிப்பார்கள். பெரியம்மா முந்தானையை விரித்து மண்ணில் உட்கார்ந்தார். ஒரு பிடி எடுத்துச் சலித்துக் கல்லைப் பொறுக்கிப் போட்டார், மாவு சலிக்கிற அதே கை. பக்கத்தில் ஒரு வயசாளி குனிய முடியாமல் நின்றார். தான் சலித்த மண்ணை அப்படியே அவர் காகிதத்தில் கொட்டிவிட்டு, பெரியம்மா தனக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தர் இடித்துவிட, திரும்பி அவரை நன்றாக ஒரு வசவும் வைதார்.

திரும்பி வருகையில் உட்கார இடம் கிடைத்தது.

"அங்க கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தீகளே பெரியம்மா, என்ன கேட்டீக?"

"கோவம் கொறையணும்னு கேட்டேன். போன வருசமும் அதத்தான் கேட்டேன்."

"கொறஞ்சிருக்கா?"

"என்னயக் கேட்டா? ஒங்க பெரியப்பாவக் கேளு" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டுக்கு மீதிச் சில்லறை தராமல் போன கண்டக்டரைக் கூப்பிட ஆரம்பித்தார்.