தொலைந்தால் தொலையட்டும்

போகிக்கு முந்தைய வாரம்தான் எங்கள் அலுவலகத்துக்குப் புத்தகங்கள் அதிகம் வரும். சென்னைவாசிகளுக்குப் புத்தகத்தை எரிக்க மனசு வராது, வைத்துக்கொள்ள வீட்டில் இடமும் இருக்காது. அந்தமானில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகம் அனுப்பும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையும் சில இரும்பு ரேக்குகளும்தான் அலுவலகம்.

வருவதில் பெரும்பகுதியைப் பழைய பேப்பர்காரரிடம்தான் போடுகிறோம். பழைய நீட் கைடு, காலாவதியான பொது அறிவு, ராசிபலன், பாதி எழுதிய பயிற்சி நோட்டு என்று எல்லாம் வரும். "தீவுல பாவம், ஒண்ணும் இருக்காதும்மா. எதைக் கொடுத்தாலும் படிப்பாங்க" என்றார் அசோக் நகர் பெரியவர் ஒருவர். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒன்றும் இல்லாத இடம் என்றால் எதையும் தள்ளிவிடலாமா? ஆனால் ஆட்டோ வைத்து மூட்டையைக் கொண்டுவந்த மனிதரிடம் அதைச் சொல்ல முடியாது. காபி கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவிலும் விளையாட்டிலும் இந்தி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை நீளமான தமிழ்ப் பத்தியைப் பார்த்தாலே மூடி வைத்துவிடும். அதனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் பெரிய படமும் உள்ளவைதான் அதிகம் போகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருப்பது எங்களுக்கு நல்ல வழிகாட்டி. குழந்தைகளுக்கான புத்தகங்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் கிடைக்கும். திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு நாமே அச்சடித்துக்கொள்ளலாம்.

அச்சடிக்கும்போது ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது, நூல் தையல்தான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால் அங்கே 3,000 மி.மீ. அளவுக்குப் பெய்யும். உப்புக் காற்றும் சேர்ந்தால் பின் துருப்பிடித்து, நடுப்பக்கம் பழுப்பேறிக் கழன்று வந்துவிடும். அனுப்புகிற செலவு 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் என்ற தபால் துறையின் புத்தகச் சேவையால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. 5 கிலோ வரையுள்ள கட்டுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி, கடல்வழிதான் போகும், அவசரத்துக்கு ஆகாது. கதைப் புத்தகத்துக்கு என்ன அவசரம்!

இத்தனையும் செய்து அனுப்பினால், ஒரு பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் படம் வந்தது. இரும்பு பீரோவுக்குள் எங்கள் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. "பத்திரமா இருக்கு மேடம்" என்றார் ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சு மேடம். ஒண்ணு தொலைஞ்சாலும் நாங்கதான் பதில் சொல்லணும். மாற்றலாகிப் போகும்போது எண்ணி ஒப்படைக்கணும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலிக்கும் புத்தகத்துக்கும் ஒரே பதிவேடு என்றால் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள். அப்புறம் எங்கள் கணக்கர் அண்ணன் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளை எடுத்துப் போட்டார். அந்தமான் யூனியன் பிரதேசம் ஆயிற்றே, மத்திய அரசு விதிதான் அங்கே. நூலகப் புத்தகங்களுக்கென்று அதில் தனியாக ஒரு விதி இருக்கிறது. ஓராண்டில் படிக்கக் கொடுத்த 1,000 நூல்களுக்கு 5 தொலைந்தால் அது இயல்பான இழப்பு. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரணை. எங்கள் புத்தகம் எதுவும் நூறு ரூபாயைத் தாண்டாது.

கணக்கைக் கவனியுங்கள். அலமாரியில் எத்தனை இருக்கிறது என்பதை வைத்து அல்ல, எத்தனை முறை கொடுத்தோம் என்பதை வைத்துத்தான் சலுகை. 50 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் எடுத்தால் 20 வாரத்தில் ஆயிரம் ஆகிவிடும், ஐந்து தொலையலாம். பூட்டியே வைத்திருந்தால் ஒன்றுகூடத் தொலைய அனுமதி இல்லை. பயந்து பூட்டுகிற ஆசிரியருக்கு அந்த விதி எதிராகவும், துணிந்து கொடுப்பவருக்கு ஆதரவாகவும் இருக்கிறது. அரசு விதியில் இப்படி ஒரு நியாயம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இப்போது ஒவ்வொரு கட்டிலும் அந்த விதியைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து வைக்கிறோம், பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ள. கூடவே புத்தகம் கொடுத்து வாங்குவதை எழுத ஒரு நீள நோட்டு.

பள்ளியைவிட நன்கொடையாளர்களிடம்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதி தரும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி, வருடக் கடைசியில் எல்லாப் புத்தகங்களும் இருப்பதாகப் புகைப்படம் கேட்டார். "கிழிஞ்சது, காணாமப் போனது இருந்தா எங்களுக்கு ஆடிட் பிரச்சினை மேடம்." எல்லாம் புதுசாகவே இருந்தால்தான் சார் உங்கள் பணம் வீண் என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். கடைசியில், கொடுத்து வாங்கிய நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு நிதி வருமா என்பது வேறு விஷயம்.

அந்தப் பீரோ ஆசிரியர் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். புத்தகம் எதுவும் கேட்கவில்லை. பைண்டிங் டேப், பெரிய ஊசி, கனமான நூல், ஒரு டப்பா பசை. வாங்க நாளைக்குப் பாரிமுனை போகிறேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்கர் அண்ணன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.