மரங்களுக்குள் போன பந்து

கோல்ஃப் ஆடத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான ஆட்டங்களை நான் வாடிய முகத்துடனேயே முடித்தேன். டிரைவர் எனப்படும் நீண்ட மட்டையை வீசியதும் நேராகக் கிளம்பும் பந்து, பாதி வழியில் வலப்புறமாக வளைந்து மரங்களுக்குள் மறையும். அடுத்த மூன்று நான்கு குழிகள் வரை அந்த ஓர் அடியையே மனத்தில் சுமந்து நடப்பேன். உடன் ஆடுபவர்கள் பேச்சுக் கொடுத்தாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். ஓய்வு நாளில் நான்கு மணி நேரத்தைச் செலவிட்டு, மனக்கசப்போடு வீடு திரும்புவதற்கா இந்த ஆட்டத்தைக் கற்றேன் என்ற கேள்வி மெல்ல மெல்ல என்னை உறுத்தத் தொடங்கியது.

பந்து ஏன் வளைகிறது என்று புரிந்தபோது முதல் ஆறுதல் கிடைத்தது. வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும்போது, மட்டை வரும் பாதையைவிட அதன் முகம் வலப்புறம் திறந்திருந்தால், பந்தின் சுழலச்சு சாய்ந்து பந்தும் அந்தப் பக்கமே விலகிச் செல்கிறது. ஸ்லைஸ் எனப்படும் இந்தக் கோளாறு ஒரு சில பாகை வேறுபாட்டிலேயே பிறந்துவிடுகிறது என்று அறிந்த பிறகு, அதை என் குணக்கேடாக எண்ணி வருந்துவதை விட்டேன். கோபத்தில் பிடியை இறுக்கினால் மட்டையின் முகம் நேராகத் திரும்புவது இன்னும் கடினமாகும் என்பதால், இப்போது மோசமான அடிக்குப் பின் முதலில் விரல்களைத் தளர்த்திக்கொள்கிறேன்.

தொழில்முறை ஆட்டக்காரர்களும் தவறுகிறார்கள். ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டுவதில், அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரின் வீரர்களே பாதி முறைதான் வெற்றி பெறுகிறார்கள். 2011-இல் டெக்சாஸ் ஓபன் போட்டியில், பார் நான்கு கொண்ட, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய ஒரே குழிக்கு, மரங்களுக்கிடையே சிக்கிய கெவின் நா என்ற வீரர் 16 அடிகள் எடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பி.ஜி.ஏ. டூரில் தம் முதல் வெற்றியையும் பெற்றார். அந்த 16-ஐ நினைக்கும்போதெல்லாம் என் எட்டும் ஒன்பதும் பாரமாகத் தோன்றுவதில்லை.

என்னை உண்மையில் மாற்றியது ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற புள்ளிக்கணக்கு முறைதான். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் வகுத்த இந்த முறையில், 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது. நமது ஹேண்டிகேப்பை, அதாவது திறனுக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளைக் கழித்த பின், பாருக்கு இரண்டு புள்ளிகள், பாரைவிட ஓர் அடி கூடிய போகிக்கு ஒன்று, ஓர் அடி குறைந்த பேர்டிக்கு மூன்று. போகியைவிடக் கூடுதல் அடிகள் எடுத்தால் சுழியம், அவ்வளவுதான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குச் செல்லலாம். ஒரு குழியில் நேர்ந்த சறுக்கல் மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடாதபடி காக்கும் இந்த ஏற்பாட்டில், சாதாரண ஆட்டக்காரர்மீது பரிவு கொண்ட ஒருவரின் மனத்தைக் காண்கிறேன். ஹேண்டிகேப் கணக்கிலும் அதே பரிவு இருக்கிறது: அண்மைய 20 ஆட்டங்களில் சிறந்த எட்டு மட்டுமே அதற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மீதி பன்னிரண்டு நாள்களும் சரியாக அமையாமல் போகலாம் என்பதை ஆட்டத்தின் அமைப்பே முன்கூட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காணாமற்போன பந்தைத் தேட விதி மூன்று நிமிடங்கள் தருகிறது. முன்பு அந்த நிமிடங்களில் தலைகுனிந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். இப்போது எனக்காகப் புதருக்குள் குனிந்து தேடும் நண்பர்களோடு பேசிச் சிரிக்கிறேன். நல்ல நட்புகள் சில அங்கேதான் வளர்ந்தன.

சென்ற வார ஆட்டத்தில் பதினான்காவது குழியில் மணற்குழியிலிருந்து மூன்று முறை அடித்தும் பந்து வெளியே வரவில்லை. புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு, மணலைச் சமன்செய்துவிட்டு, நண்பர் தொலைவிலிருந்து பந்தைக் குழி நோக்கி உருட்டுவதைப் பார்க்கப் போய் நின்றேன். அந்தப் பந்து மேடேறி, இடப்புறம் சரிந்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கிக் குழிக்குள் விழுந்தது. நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.