நன்றியுரையில் ஒரு பெயர்

“முதல் ஆளுக்கு எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?” என்று தேர்வுக் குழுத் தலைவர் கேட்டார். தாள் என் கையில் இருந்தது. “11” என்றேன். “அடுத்தவருக்கு?” “26.” அதற்கு மேல் முதல் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

நான் பொய் சொல்லவில்லை. அன்று காலைதான் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் பார்த்திருந்தேன். மற்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளில் குறைந்தது 11 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் அவருக்கு 11 உண்டு. 12 மேற்கோள் வாங்கியவை 12 இல்லை. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு, அவ்வளவுதான். அடுத்தவரின் 26-உம் ஊதிப் பெருக்கியது அல்ல. மேகங்களைப் பற்றி நல்ல வேலை செய்தவர், அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று எண்ணினால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முதல் ஆள் பழைய வானிலைப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து, பிழை நீக்கித் தருபவர். ஒருமுறை தன் மேசையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். பக்கம் முழுக்க ஒரே கையெழுத்து, நடுவில் மட்டும் மை மாறுகிறது. ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு குறிப்பு: இன்று முதல் மாலைக்குப் பதில் காலையில் அளவெடுக்கிறோம். நாளின் உச்ச, நீச வெப்பத்தைக் குறித்துவைக்கும் வெப்பமானியை மாலையில் பார்த்துவந்தவர்கள் காலைக்கு மாறினால், வானிலை குளிராமலே சராசரி இறங்கிவிடும். அந்தப் பொய் இறக்கத்தைத் திருத்த அவருக்கு மூன்று வாரம் ஆனது. ஒரே ஒரு நிலையத்துக்கு. அந்த மூன்று வாரத்தில் நான் கணினியில் காலநிலை மாடலை நாலு தடவை ஓட்டி, ஒரு கட்டுரைக்கான படங்களையே போட்டு முடித்திருப்பேன்.

1938-இல் கேலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் 147 நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, கையால் கணக்குப் போட்டு, பூமி சூடாகிறது என்று காட்டினார். வருடா வருடம் வகுப்பில் இந்தக் கதையை உருகி உருகிச் சொல்கிறவன் நான். கூட்டத்தில் கேலண்டர் என் நினைவுக்கே வரவில்லை.

வேறொன்று நினைவுக்கு வந்தது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. என் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அவருடைய தரவை வைத்து எழுதியது. அந்த இதழில் 50 மேற்கோளுக்கு மேல் அனுமதி இல்லை, என்னிடம் 57 இருந்தது. வெட்டிய ஏழில் அவருடைய தரவுக் கட்டுரையும் ஒன்று. பெயரைக் கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரைக்கு நகர்த்தினேன். நன்றியுரையை யாரும் எண்ணுவதில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். என் கட்டுரையைப் பார்த்து எழுதியவர்கள் என்னை மேற்கோள் காட்டினார்கள், அதோடு சரி.

அவருக்காகப் பேசியிருந்தால், தன் வேலைக்கு உதவியவனைத் தூக்கிவிடுகிறான் என்று ஆகியிருக்கும். அது நியாயமான தயக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த உறவைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி ஒதுங்கியிருக்கலாமே? சொல்லவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ஒரு மேற்கோள் சேர்ந்திருந்தாலும் அவருடைய 11 மாறியிருக்காது. ஆறுதலாக இருந்தது. இப்படி ஒரு ஆறுதலைத் தேடிப் போனேனே என்று உடனே எரிச்சலும் வந்தது.

முடிவு வெளியான மறுநாள் அவர் போன் செய்தார். “சார், தரவுத் தொகுப்பைப் பத்தி ஏதாவது பேச்சு வந்ததா?” என்று மட்டும் கேட்டார். “குழுவில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாதுப்பா” என்றேன். விதி அப்படித்தான். “சரி சார்” என்று வைத்துவிட்டார். வரவில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. சொன்னால், ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பார்.

இப்போது ஒரு புதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 43-ஆவது மேற்கோளாக அவருடைய தரவுக் கட்டுரையைச் சேர்த்தேன். இந்த வேலையில் அந்த நிலையங்கள் எதையும் நான் பயன்படுத்தவில்லை. கூட எழுதும் மாணவி அந்த வரியில் மஞ்சள் அடித்து, “இது எதுக்கு சார்?” என்று குறிப்புப் போட்டிருக்கிறாள். அவள் கேட்பது சரி. மூன்று நாளாகிறது, மஞ்சள் அப்படியே இருக்கிறது.