எங்க வீட்டு ஸ்பெசிமன்

மகள் பல் டாக்டர் படிப்பான பி.டி.எஸ். முதல் வருடம் சேர்ந்ததிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருக்கிறது. மெழுகுக் கட்டை, பாதி செதுக்கிய கடைவாய்ப் பல், அப்புறம் அந்த ரெக்கார்டு நோட்டு. திசுப் படம் வரைய இரண்டே பென்சில்தான்: ஊதா ஹெமடாக்சிலின், ரோஸ் இயோசின். திசுவில் இந்த இரண்டு சாயத்தையும் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்லின் உட்கரு ஊதாவாகவும் நாரெல்லாம் ரோஸாகவும் தெரியுமாம்.

அன்றைக்குத் தாடை மூட்டு. அலை அலையாய் ரோஸ் கோடு, இடையிடையே ஊதாப் புள்ளி. என் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என்னட்டி, சேலைக்குப் பார்டர் போடுதியா?"

"ஆச்சி, இது தாடைக்குள்ள இருக்கது."

"எனக்கெல்லாம் இவ்வளவு அழகா இருக்காது."

நான் பாட்டுக்குக் கிருஷ்ண ஜெயந்திச் சீடையைக் கடித்தேன். 'டொக்'.

வருஷக்கணக்காக வருகிற சத்தம்தான், வலியும் கிடையாது. ஆனால் மகள் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றுகூட நான் பார்க்கவில்லை.

காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். "திறங்கப்பா. மூடுங்க. மறுபடியும் திறங்க." ஸ்கேல் வேறு வந்தது. 40 மில்லிமீட்டர் திறந்தால் பாஸாம். நான் பாஸ்.

பிறகு கிளாஸ் ஆரம்பித்தது. முழங்கால் மாதிரியான மூட்டுகளில் எலும்பின் முனையை மூடியிருப்பது ஹயலின் என்கிற வழவழப்பான குருத்தெலும்பு. தாடை மூட்டில் அது இல்லை; மேலே நார்த்திசு, பெரும்பாலும் கொலாஜன் என்கிற புரத நார். அதற்கு அடியில் பெருகக்கூடிய செல்கள் ஒரு வரிசை, அதற்கும் கீழேதான் குருத்தெலும்பு, அப்புறம் எலும்பு. மூட்டில் சேரும் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு டிஸ்க். அது மூட்டை மாடி, கீழ் வீடு என்று இரண்டாகப் பிரிக்கிறது. கீழே தாடை சுழலும். மேலே முன்னால் வழுக்கும். என் டிஸ்க் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டதாம். வாயைத் திறக்கும்போது தாடை எலும்பின் தலை அதன் மேல் ஏறி உட்காருகிற சத்தம்தான் அந்த 'டொக்'.

"அப்ப ஏம்ட்டி வலிக்கல?" என்றாள் அம்மா.

"டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்க திசுவுலதான் ஆச்சி ரத்தக்குழாய், நரம்பு எல்லாம். டிஸ்க்கோட நடுப்பகுதில ஒண்ணும் கிடையாது. எவ்வளவு அமுக்குனாலும் அதுக்கு வலிக்காது."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்: "உங்கப்பாவும் அதேதான். எனக்கும் ஆச்சிக்கும் நடுவுல இத்தன வருஷமா இருக்காரு, ஒரு நரம்பாவது துடிச்சிருக்கா?"

அம்மா உடனே தலையாட்டினாள். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன அபூர்வ சந்தர்ப்பம். அதற்கு என் தாடையைத்தான் பலி கொடுக்க வேண்டியிருந்தது.

வலி இல்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாக வைத்தியம் தேவையில்லை, வாயை ரொம்பப் பிளந்து கொட்டாவி விடாதீங்க, கடினமானதைக் கடிக்காதீங்க என்று தீர்ப்பு வந்தது. சீடை டப்பா கைமாறியது. கையோடு என் வாயை ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். சத்தம் தெளிவாகக் கேட்கிறதாம், ஏகப்பட்ட இதயம்.

"அங்கிளை ஒருநாள் காலேஜுக்குக் கூட்டிட்டு வா"ன்னு கேக்காங்களாம். பிரியாணி வாங்கித் தருவாங்களாம், எலும்பில்லாததா.