ஐம்பது ஆட்டங்களில் வென்ற கோப்பை

47 விநாடிகள் மீதி. மூலையில் நிற்கும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ஏவரி ஜான்சன் இடது கையால் எறிகிறார். பந்து வலைக்குள் விழுகிறது. 78-77.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 1999 இறுதித் தொடரில் ஐந்தாவது ஆட்டம். இன்று காலை மறுபடியும் பார்த்தேன்.

கூடவே பார்த்த தம்பி, "அரைகுறை சீசனில் வென்றதெல்லாம் ஒரு கோப்பையா அண்ணா?" என்றான். சுருக்கென்றது.

அந்த சீசனில் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே சம்பளத் தகராறு. சீசன் பிப்ரவரியில்தான் தொடங்கியது. 82 ஆட்டங்கள் 50 ஆகச் சுருங்கின. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் வென்ற கோப்பைக்கு நட்சத்திரக் குறி போட வேண்டும், அதாவது அதை முழு வெற்றியாகக் கருதக் கூடாது என்றார் பயிற்சியாளர் பில் ஜாக்சன்.

ஆட்டங்கள்தான் குறைந்தன, பாடு குறையவில்லை. அடுத்தடுத்து மூன்று இரவுகள் ஆட வேண்டிய நெருக்கடியும் இருந்தது. முதல் 14 ஆட்டங்களில் எட்டில் தோற்ற அணி, மிச்சமிருந்த 36இல் 31ஐ வென்றது!

சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் ஓர் ஆட்டம்கூட வெட்டப்படவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை 4-0, போர்ட்லாந்தை 4-0, இறுதியில் நியூயார்க்கை 4-1. இதில் எந்த வெற்றி ஓசியில் கிடைத்தது?

நியூயார்க்கின் பேட்ரிக் யூயிங் காயத்தால் இறுதித் தொடரில் ஆடவில்லை, உண்மைதான். காயம் முழு சீசனிலும் வரும்.

தன் பத்தாவது சீசனில்தான் ஸ்பர்ஸ் வீரர் டேவிட் ராபின்சன் முதல் கோப்பையைத் தொட்டார். அதன்மேல் குறி போட எனக்கு மனம் வராது.

2003இல், முழு 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில், ஜாக்சன் பயிற்றுவித்த லேக்கர்ஸையே வழியில் வீழ்த்திவிட்டு ஸ்பர்ஸ் மீண்டும் கோப்பையை வென்றது.