காலில்லாத ஆள்: ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைப் படித்த அனுபவம்

பழைய பிரிண்ட்டை ஸ்கேன் கடையில் நீட்டிவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன்: வெள்ளை ஓரத்தை வெட்டி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, முகத்தை வழவழப்பாக்கி ஒரு குட்டி ஜேபெக் கோப்பு கைக்கு வந்தது. பின்பக்கம் எங்கே என்றால், "அதுல ஒண்ணும் இல்லையே சார்." படம் எப்போது, யாருடையது என்பதற்குப் பாதிச் சான்று அங்கேதான் இருக்கிறது! மறுபடி அலைச்சல். தாளில் எழுதியே கொடுங்கள்: ஓரம் முழுதாகத் தெரிய, முன்னும் பின்னும், 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 16 பிட் (நுணுக்கமான சாயல்கள் பதிய), ஜேபெக் அல்ல, தரம் குறையாத டிஃப் கோப்பு, எந்தத் திருத்தமும் கூடாது.

அடுத்து வயது. இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி, அதாவது தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள், இருக்கிறது. 1950-க்கு முந்தைய தாளாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒளிராவிட்டால் எதையும் முடிவுகட்ட முடியாது, வெண்மையூட்டி இல்லாத தாள்கள் பிறகும் விற்றன. அதோடு இது தாளின் வயதுதான். பழைய நெகட்டிவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பிரிண்ட் போடலாம். பின்னால் பென்சிலில் இருக்கும் வருடமும் யாரோ பிற்பாடு ஞாபகத்தில் எழுதியதாக இருக்கலாம். சாதாரண டார்ச்சைப் பக்கவாட்டில், தாளை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் அழிந்த எழுத்தின் பள்ளம் தெரியும்.

பார்த்தவர்கள் எல்லாம் சண்டை போட்டது படத்தின் இடது ஓரத்தில் காலில்லாமல் மிதக்கும் ஆளைப் பற்றி. ஆவி என்றார்கள், ஒட்டுவேலை என்றார்கள். அந்தக் காலத்துப் பெட்டி கேமராக்கள் பலவற்றில் ஃபிலிமைச் சுற்றாமலேயே மறுபடி ஷட்டரைத் தட்டலாம். இரண்டு காட்சியும் ஒரே நெகட்டிவில் ஏறிவிடும். வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் சேரும். அதனால்தான் அவர் வெள்ளைச் சட்டை இருண்ட வாசலின் மேல் பளிச்சென்று நிற்கிறது, கறுப்புக் கால்சட்டை மற்ற காட்சியின் வெயில் சுவருக்குள் காணாமல் போகிறது. சந்தேகம் இருந்தால் அசையாத பொருளைப் பாருங்கள். ஜன்னல் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஷட்டர் திறந்திருந்தபோது அவர் நகர்ந்திருக்கிறார். இங்கே ஜன்னல் சட்டத்தின் விளிம்பே இரண்டிரண்டாக விழுந்திருக்கிறது. ஆக, ஒரே நெகட்டிவில் இரண்டு முறை எடுத்ததுதான். வழக்கு முடிந்தது.

படம் இடம்வலம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா என்பதற்குச் சட்டைப் பொத்தான் போதும்: ஆண்கள் சட்டையில் அது வழக்கமாக அணிந்தவரின் வலப்பக்கம். கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம், வலக்கையில் கட்டுபவர்கள் எப்போதும் உண்டு.

கறுத்த உதட்டைப் பார்த்து உதட்டுச்சாயம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய வகைக் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. வெறும் உதடே கறுப்பாகத்தான் விழும். வண்ணமேற்றும் செயலி அதற்கு என்ன நிறம் பூசினாலும் அது ஊகம்தான்.