வெயிலே இல்லாத நாளில் வெந்த தோள்: மகளுக்குச் சன்ஸ்கிரீன் தேடி அலைந்த கதை

போன வருடம் ஐப்பசியில் திருச்செந்தூர் போய்விட்டு வந்த ராத்திரி, என் மகளின் கவுனைக் கழற்ற முடியவில்லை. தோளில் துணி உரசினாலே அலறினாள். கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். கவுனின் வார் இருந்த இடத்தில் மட்டும் பால் வெள்ளையாக இரண்டு கோடு. மற்ற இடமெல்லாம் செக்கச்செவேல். விடிவதற்குள் இடது தோளில் கொப்புளம் போட்டுவிட்டது.

அன்று வெயிலே இல்லை. அதுதான் என்னால் தாங்கவே முடியாத விஷயம். மழை மூட்டம், கடற்கரையில் நல்ல காற்று. "இன்னைக்கு சாமியே நமக்காக மேகம் போட்டிருக்கு" என்று அத்தை சொன்னார்கள். நானும் நம்பித்தான் பத்தரை மணி வரை பிள்ளையைக் கடலில் விட்டேன்.

அவளுக்கு எட்டு வயது. பிறவியிலேயே அல்பினிசம். முடி, புருவம், இமை முடி எல்லாம் வெளிர் மஞ்சள், தோலில் நிறமியே கிடையாது, பார்வையும் குறைவு. நானும் என் வீட்டுக்காரரும் அத்தை மகன், மாமன் மகள். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்த ஒரே மாதிரிக் கோளாறு மரபணு அவளிடம் சேர்ந்துவிட்டது. இதில் யார் பாவமும் இல்லை, கிரகணத்தன்று வெளியே போனதும் காரணம் இல்லை. இதே நிலையில் பிள்ளை இருப்பவர்கள் முதலில் இதை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

திருச்செந்தூரில் என்ன தப்பு நடந்தது என்று பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. காலை ஐந்து மணிக்கு வீட்டில் க்ரீம் தடவிக் கிளம்பினோம். கடலில் இறங்கியது எட்டு மணிக்கு மேல். தடவி மூன்று மணி நேரம் ஆன க்ரீமில் மிச்சம் இருந்ததையும் முதல் அலை கழுவியிருக்கும். மறுபடி தடவவே இல்லை, டப்பா பஸ் ஸ்டாண்டில் வைத்திருந்த பையில் கிடந்தது. அந்தக் க்ரீமும் எஸ்பிஎஃப் (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்ற எண்) 15 போட்ட சாதாரண முகக் க்ரீம். மேகம் வெளிச்சத்தையும் சூட்டையும் குறைக்கும், தோலைச் சுடும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அந்த அளவுக்குக் குறைக்காது. மெல்லிய மேகம் என்றால் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். போதாததற்கு மணலும் அலை நுரையும் வேறு கீழிருந்து திருப்பி அடிக்கும். தோல் சிவப்பது உடனே தெரிவதும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது கழுத்து லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஏழெட்டு மணி நேரம் கழித்துத்தான் முழு வேதனையும் வந்தது.

அன்று ராத்திரி பதற்றத்தில் அத்தை தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் புதிதாக வெந்த தோலில் எண்ணெய் பூசினால் சூடு உள்ளேயே நின்றுவிடும். செய்யவேண்டியது பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போடுவது, நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பது, கொப்புளத்தை உடைக்காமல் விடுவது. கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் டாக்டர்.

மறுநாள் போன முதல் கிளினிக்கில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். சீட்டில் ஒரு வெளிநாட்டு க்ரீம் பெயர், "வெயில்ல காட்டாதீங்க" என்று ஒரு வரி. எவ்வளவு தடவ வேண்டும், எத்தனை தடவை, கண்ணில் பட்டால் என்ன செய்ய என்று கேட்க வாயைத் திறக்கும்போதே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். திருநெல்வேலியில் பிறந்த பிள்ளையை வெயிலில் காட்டாமல் எப்படி வளர்ப்பது?

மருந்துக்கடையில் இன்னும் மோசம். நாலு கடை ஏறி இறங்கினேன். சீட்டில் இருந்தது எங்கேயும் இல்லை. ஒரு கடைப் பையன், "அக்கா, இதுதான் நல்லா போகுது, எஸ்பிஎஃப்பும் இருக்கு, நிறமும் கொடுக்கும்" என்று ஒரு சிவப்பழகு க்ரீமை எடுத்து வைத்தான். பக்கத்தில் நின்ற அம்மா என் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரப் பிள்ளை மாதிரி இருக்கா, இவளுக்கு எதுக்கு க்ரீமு?" என்றார். சொட்டு மருந்தையோ இன்சுலினையோ கேட்டு நின்றால் யாராவது அப்படிக் கேட்பார்களா? நம் ஊரில் சன்ஸ்கிரீன் என்றால் கறுக்காமல் இருக்கப் பூசும் அழகுச் சாமான். என் பிள்ளைக்கு அது இல்லாவிட்டால் இன்றைக்குக் கொப்புளம், நாளைக்குத் தோல் புற்றுநோய். அந்தக் கடையில் நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பாளையங்கோட்டையில் பார்த்த இன்னொரு தோல் டாக்டரம்மாதான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பெயர் முக்கியம் இல்லை, டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்றார். எஸ்பிஎஃப் 50, அது புற ஊதா பி கதிருக்கு. புற ஊதா ஏ கதிருக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்: 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லும், பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறியும் இருக்கிறதா என்று. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' இருக்க வேண்டும். வாசனை சேர்த்தது வேண்டாம். எஸ்பிஎஃப் 30 சரியாகத் தடவினால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லையே என்றேன். "யாருமே சரியான அளவு தடவுறதில்லம்மா, அதனாலதான் உங்களுக்கு 50" என்றார்.

இதற்கிடையில் ஒரு டப்பா வீணாகிப்போனது. எண் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கி எரிச்சல். அவளுக்கு ஏற்கெனவே கண் கூசும், விழி ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணைக் கசக்கிக் கசக்கி, க்ரீம் டப்பாவைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அப்புறம்தான் துத்தநாக ஆக்சைடு வகைக்கு மாறினோம். அட்டையில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்று இருக்கும், சில கம்பெனிகள் மினரல் சன்ஸ்கிரீன் என்று போடுவார்கள். கண் எரிச்சல் அன்றோடு நின்றது. கடைகளில் இது ஏன் கிடைப்பதில்லை என்று ஒரு அண்ணாச்சி விளக்கினார்: "முகத்துல திட்டுத் திட்டா வெள்ளையா நிக்குதுன்னு எல்லாரும் திருப்பிக் கொடுத்துருதாவ தாயி." என் மகளுக்கு அந்த வெள்ளை ஒரு பிரச்சினையே இல்லை. அவர் எனக்காக மாதம் ஆறு ட்யூப் வரவழைத்துத் தருகிறார். எத்தனையோ கதவு தட்டிய பிறகு திறந்த முதல் கதவு அது.

ஆனால் அந்த வெள்ளையில் ஒரு ஆபத்தும் இருந்தது. என் கையில் தடவினால் எங்கே பட்டது, எங்கே விட்டது என்று பளிச்சென்று தெரிகிறது. அவள் தோலில் தெரியவே தெரியாது. முழுக்கத் தடவிவிட்டேன் என்று நினைத்து அனுப்புவேன், சாயங்காலம் காது மடல் மட்டும் சிவந்து வரும். இன்னொரு நாள் பின்கழுத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு திட்டு. கண்ணை நம்பிப் பயனில்லை என்று, இப்போது வரிசை வைத்துக்கொண்டுதான் தடவுகிறேன். நெற்றி, மூக்கு, கன்னம், தாடை, காதின் முன்பக்கம், மடலின் நுனி, காதுக்குப் பின்னால், கழுத்து முன், கழுத்து பின், முழங்கையிலிருந்து விரல் வரை. சாமிக்கு அர்ச்சனை மாதிரி அந்த வரிசை மாறாது. இடையில் போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

அளவுதான் நான் மிகவும் தப்பு செய்த இடம். பவுடர் பூசுகிற மாதிரி பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தேன். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்தால் கிடைப்பது. பாதி தடவினால் பாதுகாப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் க்ரீமைப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. யாருக்குத் தடவுகிறோமோ அவர்கள் விரல். ஒரே தடவையில் அவ்வளவும் தடவ வரவில்லையா, இரண்டு தடவையாகப் போடுங்கள். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வியர்த்துத் துடைத்தாலோ நனைந்தாலோ உடனே.

இந்த அளவில் தடவ ஆரம்பித்ததும் 50 கிராம் ட்யூப் ஒரு வாரம்கூட முழுசாக வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ராத்திரி வெகு நேரம் தூங்கவில்லை. பெரியவர்களுக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூசவே 30 கிராமுக்கு மேல் ஆகுமாம். பணத்தால்தான் எங்களுக்குத் துணியின் அருமை தெரிந்தது. முழுக்கை, காலை மூடும் பேன்ட், நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறத் துணி. மெல்லிய வெள்ளைக் காட்டன் குளுமை, ஆனால் கதிரை விட்டுவிடும், நனைந்தால் இன்னும் அதிகமாக. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், விரல் நிழல் தெரிந்தால் அது வேண்டாம். துணி மூடாத இடத்துக்கு மட்டும் க்ரீம் என்று வந்த பிறகுதான் செலவு கைக்குள் நின்றது.

இனி பள்ளிக்கூடம். வாரக் கணக்கில் அலைந்தது அங்கேதான்.

விதிப்படி இரட்டைச் சடை. நடு உச்சியிலிருந்து பிடரி வரை ஒரு வகிடு, அந்தக் கோடு முழுக்க வெந்து தோல் உரிந்தது. சீப்பு பட்டால் அழுவாள். தொப்பி போட அனுமதி கேட்டுப் போனேன். யூனிஃபார்மில் தொப்பி கிடையாது என்றார் ஆபீஸ் அம்மா. டாக்டர் கடிதம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார். கடிதத்தை அவர் படிக்கக்கூட இல்லை, கீழ் மூலையை மட்டும்தான் பார்த்தார். மறுபடி டோக்கன், மறுபடி அரை நாள் சம்பளம் போச்சு. சீலோடு போனால், பள்ளிக்கு க்ரீம் கொண்டுவரக்கூடாது, அழகுச் சாமானுக்குத் தடை என்று புதிதாக ஒன்று. பிள்ளையைக் கூடவே அழைத்துப் போயிருந்தேன். தலையைக் குனிய வைத்து வகிட்டைக் காட்டினேன். அந்த அம்மா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கமாக வந்த தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். தொப்பி, முழுக்கைச் சட்டை, க்ரீம், ஒற்றைச் சடை, நிறக் கண்ணாடி, ஐந்துக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.

அதனால் இதே வேலையாகப் போகிறவர்கள் முதல் தடவையே டாக்டரிடம் சீலும் பதிவு எண்ணும் போட்ட கடிதம் வாங்குங்கள். அதில் 'மருத்துவத் தேவை' என்ற வார்த்தை இருக்கட்டும், க்ரீமையும் தொப்பியையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். நாலு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியை மாறும்போதெல்லாம் தேவைப்படும். பி.டி. பீரியடைச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருந்ததைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றிக் கொடுத்தது வகுப்பு டீச்சர், அதற்கு எந்தக் கடிதமும் கேட்கவில்லை. மதியம் அவளே தடவிக்கொள்கிறாள், பின்கழுத்துக்கு மட்டும் ஆயாம்மா.

இன்னொன்று, ட்யூபை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் திறந்து பார்த்தால் தண்ணீர் தனியாக, க்ரீம் தனியாகப் பிரிந்து நின்றது. அதை மறுபடி குலுக்கிப் பூசக்கூடாது. எறிந்துவிட்டேன்.

வெளியே விடலாமா என்று பார்க்க அவளுக்கு நிழலைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே வா, நெட்டையாக இருந்தால் தொப்பியோடு விளையாடு. போனில் வானிலை பார்க்கும் இடத்திலேயே யூவி எண்ணும் (புற ஊதாக் கதிரின் அளவு) வரும். மூன்றைத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். நம் ஊர்க் கோடையில் மதியம் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

போன மாதம் மறுபடி திருச்செந்தூர் போனோம். சாயங்காலம் நாலரைக்குத்தான் கடலில் இறங்கினாள். நீச்சலுக்கென்றே விற்கும் முழுக்கை உடை, கழுத்தை மூடும் தொப்பி. கரையில் உட்கார்ந்து, வரிசை மாறாமல் தடவி, இருபது நிமிடம் காத்திருந்து அனுப்பினேன். நனைந்து வந்ததும் துடைத்து மறுபடி. ராத்திரி அத்தை அவள் தோளில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு "சுடல" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாதத்தின் மேல்புறம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது, செருப்பு வார் இருந்த இடம் வெளுப்பாக. இப்போது பாதத்தையும் வரிசையில் சேர்த்துவிட்டேன்.